கழுவாத வேர்

பஸ் ஓட்டுகிறவர் அந்தப் பூந்தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது நர்சரி வாசலிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சிந்திவிடக்கூடாத எதையோ கொண்டுவருகிறவர் மாதிரி, ரோஜாப் பதியன்களுக்கு நடுவில் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து, நேராக அம்மாவிடம் வந்து நின்றார். போன வருடமும் இப்படித்தான் வந்தார். அதற்கு முந்தின வருடமும். சீருடைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டிப்போவில் வண்டியை விட்டு, வீட்டுக்குப் போய்த் தொட்டியை எடுத்துக்கொண்டு, இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார். திரும்பிப் போகவும் ஒரு பஸ். நாள் முழுக்க பஸ் ஓட்டினவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வீட்டுக்குப் போவார் என்று நினைத்தபோது எனக்கே கால் வலித்தது.

அம்மா வேர் கழுவுகிற டப்பில் இருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவும் போச்சும்மா," என்றார். "என்ன தப்பு பண்றேன்னே புரியல."

"தண்ணி அதிகமா ஊத்திருப்பீங்க சார்."

"போன தடவ கம்மியாயிடுச்சுன்னு சொன்னீங்க. அதான் இந்தத் தடவ கொஞ்சம் தாராளமா…"

அம்மா மறுபடி டப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அவருடைய மனைவிக்கு நடக்க முடியாமல் போய் நாலு வருடம் ஆகிறது. ஜன்னலோரமாகக் கட்டில். அந்த அம்மா சின்ன வயதில் சதுப்பு நிலத்தை ஒட்டின வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவர். இந்த மாதத்தில் வீட்டைச் சுற்றி ஊதாப் பூவாக இருக்கும் என்று ஒரே ஒரு தரம் சொன்னாராம். அதிலிருந்து இவர் வருடா வருடம் வந்து அந்தச் செடியில் ஒன்று வாங்கிப் போகிறார். அது ஜன்னலில் பூக்கும், வாடும், இலை கறுக்கும், அப்புறம் வெறும் மண்தான். "ஜன்னலத் தெறந்து வெக்கச் சொன்னேனே, அதனாலயான்னு அவ தன்னையே திட்டிக்கிறா," என்று சொல்லிவிட்டு, காலித் தொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். கடைசியில், சனிக்கிழமை வந்து புதுச் செடி வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, என் மேஜை ஓரத்தில் வைத்தார். நான் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்காமல் தொட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். அடுத்த சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் நர்சரி பெரிய சாலை ஓரத்தில் இருக்கிறது. லாரி போகும்போதெல்லாம் இலைகளில் புழுதி படியும். முதலாளியம்மா வந்து பார்ப்பதற்குள் யாராவது தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் அம்மாதான். ஆனால் அவளுடைய உண்மையான வேலை வேர் கழுவுவது. அம்மா இங்கே சேர்ந்த முதல் வருடம், சதுப்பு நிலத்துச் சேற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு உள்ளே வந்து ரோஜாக் கன்றுகள் முழுவதையும் வேரோடு தின்று தீர்த்ததாம். பரிசோதனைக்கு வந்த அதிகாரி எல்லாவற்றையும் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, சேற்றில் இருந்து வருகிற எதுவானாலும் வேர் வெள்ளையாகத் தெரியும்வரை கழுவி, பூஞ்சையும் ஒட்டி வரக்கூடாது என்று பூஞ்சை மருந்திலும் முக்கி எடுத்த பிறகுதான் உள்ளே போகலாம் என்று சட்டம். அந்த மருந்தைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி இருக்கும். அதனால் முதல் டப்புக்குச் சேற்று டப் என்றும் இரண்டாவதற்குப் பால் டப் என்றும் பெயர். அம்மா பதினொரு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கழுவுவதைப் பார்க்க வேண்டும். பஸ் ஓட்டுகிறவர் வாங்கிப்போவது, சேற்றுப்பூ என்று நாங்கள் சொல்கிற காட்டு ஆர்க்கிட். அதற்குக் கிழங்கு உண்டு. ஐந்து விரலும் விரிந்த சின்னக் கை மாதிரி இருக்கும். எப்போதும் இரண்டு கை. ஒன்று போன வருடத்தது, கறுத்துச் சுருங்கியது. இன்னொன்று வரப்போகிற வருடத்துக்கானது, வெளுத்துத் திரண்டது. அம்மா அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகக் கட்டைவிரலால் தேய்த்து, கைக்குழந்தைக்குக் கை கழுவிவிடுகிற மாதிரி கழுவுவாள். ஒரு வேர் அறுந்து நான் பார்த்ததில்லை. அவளுடைய சொந்த விரல்கள்தான் நுனியில் பிளந்து, நகத்தைச் சுற்றி வெள்ளையாக ஊறிப்போயிருக்கும். "உங்கம்மா கைராசி யாருக்கும் வராது" என்று முதலாளியம்மா வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லும்போது அம்மா கேட்காதவள் மாதிரி இருப்பாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது கொஞ்சம் அதிகமாகப் பேசுவாள்.

சாயங்காலம் டப்புகளைக் காலி செய்ய வேண்டும். சேற்று டப்பைப் பின்சுவரில் இருக்கிற தகரக் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், வாசற்படியிலேயே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே சாய்த்துவிடுவாள். பூத்து முடிந்த தண்டுகளை வெட்டிப் போடுவதும் அங்கேதான். பால் டப்பையும் அங்கேயே ஊற்றியிருக்கலாம். முதல் வருடம் ஊற்றினாளாம். மறுநாள் காலையில் நாலைந்து தவளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தனவாம். அதிலிருந்து பாலை மட்டும் வாளி வாளியாக முன்பக்கம் தூக்கிப்போய்ச் சாலையோரச் சாக்கடையில் ஊற்றுகிறாள். நாலு நடை. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் கேட்டதற்கு, "தவளையும் கத்தலன்னா இந்த எடத்துல யாருதான் பேசுறது, நீயா பேசப்போற?" என்றாள்.

அது சரிதான். இங்கே என் பெயர் பூனை. நடந்தால் சத்தம் கேட்காது, இருந்தால் இருப்பது தெரியாது. பத்தாவதில், அறிவியல் பாடத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எழுந்தேன், சத்தம் எழவில்லை. மூன்று நாள் அப்படி நின்றேன். நாலாவது நாள் போகவில்லை. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "எழுத்து அழகாத்தானே இருக்கு, சீட்டெழுத வா," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அந்தப் பாடப்புத்தகம் அம்மாவின் கட்டில் காலுக்கு அண்டக்கொடுக்கப் போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சதுப்பு நிலத்தில் செடி தோண்டிக்கொண்டு வருகிற ரேடியோ அண்ணனின் வண்டி வாசல் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியதில் ஒரு செடி சேற்றுக் கட்டியோடு கீழே விழுந்துவிட்டது. அந்த அண்ணனுக்கு வாய் ஓயாது. வண்டி வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும். பேச்சு சுவாரசியத்தில் அவர் கவனிக்கவில்லை. சாயங்காலம்தான் அது என் கண்ணில் பட்டது; எடுத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா அப்போதுதான் இரண்டு டப்பையும் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைக் காட்டினால் எழுந்து மறுபடி தண்ணீர் பிடிப்பாள். அதனால் காட்டவில்லை. கழிப்பறைக்குப் பின்னால் வாய் உடைந்த பெயிண்ட் வாளி ஒன்று கிடந்தது. கட்டியை அப்படியே அதில் வைத்து, தகரக் கூரையில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன். அம்மா பாவம் என்றுதான் செய்தேன். செடிமேல் எனக்கு அப்போது ஒன்றும் இல்லை.

பிறகு போய்ப் பார்க்கிற பழக்கம் வந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், இலை நுனி பழுப்பாயிற்று. எங்கள் குழாய்த் தண்ணீர் பட்ட தொட்டியெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போகும், அவ்வளவு உப்பு. நிறுத்திவிட்டு மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். ரோஜாவுக்குப் போடுகிற உரத்தில் ஒரு சிட்டிகை போட்டேன், இருப்பதிலேயே பெரிய இலை கருகிற்று. அதையும் விட்டேன். பூத்தது. பூ முடிந்த தண்டை வெட்ட வேண்டும்; கத்தரியை எடுத்தால் எதற்கு என்று யாராவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும், அதனால் வெட்டவில்லை. காய் வெடித்து, தும்மினால் பறந்துபோகிற மாதிரி ஒரு தூசி கொட்டியது. அதுதான் விதை என்று தெரியவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. பிறகு நாள் குறுகிக் குளிர ஆரம்பித்ததும் இலையெல்லாம் கறுத்து ஈரத்துணி மாதிரி சரிந்துவிட்டது. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாளியைக் கவிழ்க்கப் போனேன், கனமாக இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அந்த வாளியைத் தூக்க உடம்பில் தெம்பில்லை. குளிர் விட்டதும் மண்ணில் இருந்து ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்த வருடம் இரண்டு தண்டு. அடுத்த வருடம் ஐந்து.

இரண்டு தண்டு வந்த அந்த வருடத்தில்தான், அம்மா கழுவிப் பாலில் முக்கின ஒரு செடியை யாருக்கும் தெரியாமல் எடுத்து, வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே மழைத்தண்ணீர், அதே நிழல். அது வாளியில் இருந்ததைவிட நன்றாகப் பூத்தது. கிழங்கில் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் செலவழித்துப் பூத்தது என்று இப்போது தோன்றுகிறது. குளிருக்குப் பின் அது வரவில்லை. தோண்டிப் பார்த்தேன். பழைய கையும் கறுப்பு, புதிய கையும் கறுப்பு. வாளியில் இருந்த செடியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தபோது, வேரைச் சுற்றிப் பஞ்சை இழுத்த மாதிரி வெள்ளை நூல்கள் இருந்தன. அன்றைக்குச் சாயங்காலம் கட்டில் காலுக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் புத்தகத்தை உருவினேன். என்னால் எழுந்து நின்று படிக்க முடியாமல் போன அதே பாடம். சில செடிகளின் வேரோடு பூஞ்சை கூடி வாழ்கிறது, அந்தப் பூஞ்சை இல்லாமல் அந்தச் செடிக்குப் பிழைப்பில்லை என்று இரண்டே வரி. மருந்துப் பொட்டலத்தை எடுத்து வாசித்தேன். எல்லா வகைப் பூஞ்சையையும் அடியோடு அழிக்கும் என்று மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். முதலாளியம்மாவிடம் சொல்வது என்னால் ஆகாது, அது வேறு. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் பக்கத்திலேயே படுக்கிறவளிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும். ஆனால் என்னவென்று சொல்வது? உன் கைதான் என்று சொல்ல வேண்டும். அவளிடம் இருப்பதே அந்த ஒன்றுதான்.

பஸ் ஓட்டுகிறவர் வந்துபோன மறுநாள் ரேடியோ அண்ணன் வண்டி காலியாக வந்தது. குரலும் முன்னால் வரவில்லை. சதுப்பு நிலத்தில் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். லாரி நிறுத்துகிற இடமாகப் போகிறதாம். மூன்று பக்கம் மூடியாகிவிட்டது, மிச்சம் இருக்கிற மூலையில் நாற்பது செடி தேறும், வியாழக்கிழமை தோண்டிக்கொண்டு வருகிறேன், அதோடு சரி என்றார். முதலாளியம்மா அங்கேயே ஒரு போன் பேசினாள். புதிதாகத் திறக்கிற ஏதோ அலுவலகத்துப் படிக்கட்டுக்கு வரிசையாக வைக்க நாற்பதும் போகிறது என்று முடிவாயிற்று. அம்மா மட்டும், அந்த பஸ்காரருக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும், சனிக்கிழமை வருவார் என்றாள். முதலாளியம்மா தலையாட்டினாள்.

அன்று வீட்டில் அம்மாவின் விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். வெடிப்பில் படும்போது மட்டும் மூச்சை இழுப்பாள். நாற்பதையும் ஒரே நாளில் கழுவ வேண்டும், இடுப்பு தாங்குமா என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "பாவம் அந்த மனுசன். சிலருக்குக் கைராசி கெடையாது, என்ன பண்றது," என்றாள். நான் களிம்பு டப்பாவை மூடினேன். மூடி மரையில் சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நிமிர்ந்தபோது அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். விளக்கு வைத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை வண்டி வந்தது. ஈரச்சாக்குக்கு அடியில் நாற்பது சேற்றுக் கட்டிகள், மேலே ஊதாப் பூக்கள் வண்டியின் ஆட்டத்துக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தன. அம்மா பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் செடியை எடுத்தாள். கட்டி தண்ணீரில் கரைந்து, கை தெரிந்தது, விரல் தெரிந்தது. நான் சீட்டில் 'காட்டு ஆர்க்கிட்' என்று எழுதினேன். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது செடி பாலில் இறங்கும்போது என் பேனா சீட்டைக் கிழித்துவிட்டது. ஐந்து. ஆறாவது செடியை அவள் எடுத்தபோது நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எழுந்து வந்தது எனக்கு நினைவில்லை.

"அம்மா, கழுவாத."

அவளுக்குக் கேட்கவில்லை. அல்லது நான் அப்படிச் சொல்வேன் என்று அவள் காதுக்குத் தோன்றவில்லை. மறுபடி சொன்னேன்.

"என்னடி?"

"கழுவுனா சாவுது. அவரு தண்ணி ஊத்துறதால இல்ல."

அவள் கையில் இருந்த செடியை வாங்கி டப் ஓரத்தில் வைத்தேன். முழங்கையைப் பிடித்து எழுப்பினேன். ஈரக் கையோடு, என்ன ஏது என்று கேட்டபடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். கழிப்பறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். வாளியில் ஒன்பது தண்டுகள் நின்றன. ஒன்பதிலும் பூ. அம்மா முதலில் பூவைப் பார்த்தாள், அப்புறம் வாளியை, அப்புறம் சுவரில் இருந்த பென்சில் கோடுகளை. மண்ணைத் தொட்டு விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசினதில்லை. பாடப்புத்தகத்தின் இரண்டு வரியையும் ஒப்பித்தேன். செத்துப்போன செடியைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எப்பலேருந்து இருக்கு இது?"

"மூணு வருசம்."

"மூணு வருசமா நான் கழுவுறதப் பாத்துட்டு உக்காந்திருந்தியா?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு பாரத்தைக் கீழே வைத்தவள் மாதிரி கேட்டாள். நான் என்ன எதிர்பார்த்தேன்? என் கையா என்று ஆரம்பிப்பாள், பதினொரு வருடம் என்று சொல்லி உடைந்துபோவாள் என்று பயந்திருந்தேன். அவள் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூன்று வருடத்தில் எத்தனை வண்டி வந்தது, ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை செடி என்று எனக்குத் தெரியும். சீட்டு எழுதினது நான்தான். ஒவ்வொரு சீட்டும் அழகான எழுத்தில்.

முன்பக்கம் இருந்து முதலாளியம்மா கூப்பிட்டாள். அம்மா போனாள். நான் சுவர் ஓரமாகவே நின்று கேட்டேன். இந்தத் தடவை கழுவாமல் வைத்துப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. அவள் முதலாளியம்மாவிடம் இப்படி எதையும் கேட்டதே இல்லை. முதலாளியம்மா கத்தவில்லை. அன்றைக்கு ரோஜா அத்தனையும் போனபோது நீயும்தானே கூட இருந்தாய், ரெண்டு பேர் வேலையை விட்டுப் போனதும் உனக்குத் தெரியும், மறுபடி அதை என்னால் தாங்க முடியாது என்று நிதானமாகத்தான் சொன்னாள். பிறகு, "அந்தப் படிக்கட்டுல ஒரு வாரம் நின்னா போதும். அப்புறம் அது செத்தா என்ன, பொழச்சா என்ன," என்றாள். அவளும் களைப்பாகத்தான் இருந்தாள். காலையில் இருந்து அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள், பாதம் வீங்கியிருந்தது.

அம்மா பலகையில் உட்கார்ந்தாள். ஆறாவது செடியை எடுத்துக் கழுவினாள். மத்தியானம் வரைக்கும் கழுவினாள், மத்தியானத்துக்கு அப்புறமும் கழுவினாள். எப்போதும் போல விரலிடுக்கு விரலிடுக்காக. கொஞ்சம் சேறாவது விட்டு வைப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளியம்மா நாற்காலியை அவள் எதிரிலேயே போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். பதினாலாவது செடியா பதினைந்தாவதா, தெரியவில்லை, ஒன்றைப் பாலில் இருந்து எடுக்க அம்மா மறந்துபோய்க் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பிறகு சட்டென்று எடுத்து உதறினாள். சீட்டு கேட்க வேண்டியபோது கையை மட்டும் நீட்டினாள்.

எல்லாம் முடிந்து, தொட்டிகளை அலுவலகத்து வண்டியில் ஏற்றி அனுப்பும்போது முதலாளியம்மா எண்ணினாள். முப்பத்தொன்பது. "பஸ்காரருக்கு ஒண்ணு சொன்னேனே," என்றாள் அம்மா. முதலாளியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் உள்ளே போன பிறகு அம்மா தன் பலகையைத் தூக்கினாள். அதன் மறைவில் ஈரச்சாக்கு. சாக்கைப் பிரித்தால் ஒரு கட்டி, சதுப்பு நிலத்தில் இருந்து வந்தபடியே, சேறு சொட்டிக்கொண்டு. நாள் முழுக்க அதன் பக்கத்தில் காலை மடக்கி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை அவர் விட்டுப்போன காலித் தொட்டியில் அப்படியே இறக்கி, என் மேஜைமேல் வைத்தாள்.

"சனிக்கெழம அவரு வந்தா நீதான் சொல்லணும்," என்றாள். "எப்படி வளக்கணும்னு. எனக்குத் தெரியாது அது."

நான் தலையாட்டினேன்.

"தலைய ஆட்டுனா அவருக்குப் புரியாது."

"சொல்றேன்மா."

பாலை அவள் வாளி வாளியாகக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். மூன்றாவது நடையில் பாதியில் நின்று, வாளியைக் கீழே வைத்து, நிமிர்ந்து, மறுபடி தூக்கினாள். சேற்று டப் மட்டும் மிச்சம். நாற்பது கட்டியில் முப்பத்தொன்பது கட்டியின் சேறு அதில் இருந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. தகரக் கதவுப் பக்கம் அவள் என்னை விட்டதே இல்லை, பாம்பு இருக்கும் என்பாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் டப்பின் ஒரு காதைப் பிடித்தேன், அவள் இன்னொன்றைப் பிடித்தாள். தூக்கினோம். தண்ணீர் அலம்பி என் பாவாடையை நனைத்தது. நான் முன்னால், அவள் பின்னால்.

நடக்கும்போது சனிக்கிழமைக்கு வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். குழாய்த் தண்ணி வேணாம் சார், மழைத்தண்ணி புடிச்சு வெச்சு ஊத்துங்க. எப்பவும் ஈரமா இருக்கணும். உரம் போடாதீங்க. வேற தொட்டிக்கு மாத்தாதீங்க, இந்தச் சேறு இருக்கட்டும். பூ முடிஞ்சா தண்ட வெட்டாதீங்க. குளுரு வந்தா இலையெல்லாம் கறுத்து ஒண்ணுமில்லாமப் போயிடும், செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. சார் என்று எந்த இடத்தில் சொல்வது என்று பிடிபடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்ததால் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லச் சொல்ல வேண்டும். அதை முதலில் சொல்ல வேண்டும்.

கதவைக் காலால் தள்ளினேன். வெளியே சுவரை ஒட்டித் தரை சரிந்து ஒரு பள்ளத்தில் போய் முடிகிறது. அம்மா எப்போதும் படியில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ப்பவள். நான் இறங்கின பிறகுதான் சாய்க்க முடியும் என்று முதல் காலைச் சரிவில் வைத்தேன். தவளைகள் கத்துவது நின்றது. கீழே புல் அடர்ந்திருந்தது. இரண்டாவது காலை வைக்கப் போகும்போது அந்தப் புல்லில் புள்ளிகள் தெரிந்தன.

புல்லில் புள்ளி இருக்காது. நான் அப்படியே நின்றேன். வாளிச் செடியின் இலைகளில் மூன்று வருடமாகப் பார்த்த அதே தவிட்டு நிறப் புள்ளிகள். விரல் நீளத்தில் ஒற்றை இலையாகச் சில, இரண்டு மூன்று இலையோடு சில, பள்ளத்தை ஒட்டி என் முழங்கால் உயரத்துக்கு ஒன்று, அதன் உச்சியில் இன்னும் விரியாத, ஊதாவும் பச்சையுமான ஒரு கூர். எத்தனை என்று எண்ண முடியவில்லை. பதினொரு வருடமாகச் சேறு வழிந்த வழியெல்லாம், சரிவு நெடுக, பள்ளத்து விளிம்பு வரை.

"என்னடி நின்னுட்ட, கை வலிக்குது," என்றாள் அம்மா பின்னால் இருந்து.

அவள் படியில் நின்றபடி என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. வெகுநேரம் பார்த்தாள். டப் எங்கள் இருவர் கையிலும் கனத்து இறங்கியது, காது விரலை அறுத்தது. அவள் பக்கம் நடுங்குவது என் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் சாய்த்தால் இந்த இலைகள் மூழ்கும், அந்தப் பக்கம் சாய்த்தால் அவை. அம்மா டப்பை ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பிடித்தாள். நானும் தூக்கினேன். சேற்றுத் தண்ணீர் எங்களுக்கு நடுவில் அலம்பி அலம்பி அடங்கியது. எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். பள்ளத்தில் ஒரு தவளை மட்டும் மறுபடி ஆரம்பித்தது.